கிரீட் தீவுக்கு முதல் பயணம்: பாதித் தீவை நிதானமாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

மத்தியதரைக் கடல் தீவு ஒன்றுக்கு விடுமுறை போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் சான்டோரினி. அழகான இடம்தான். ஆனால் ஒரு வாரமோ பத்து நாளோ கையில் இருந்து, கடலும் வேண்டும், மலையும் வேண்டும், பழைய வரலாறும் வேண்டும், சாப்பாடும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் நான் கிரீட்டைத்தான் சொல்வேன். கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவு அது. மத்தியதரைக் கடல் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிசிலி, சார்டீனியா, சைப்ரஸ், கோர்சிகா ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவது இடம்.

திட்டம் போடும்போது மறக்கக் கூடாதது அந்த அளவுதான். கிழக்கு மேற்காகத் தீவின் நீளம் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். நடுவே முதுகெலும்பாக மலைத்தொடர்கள் ஓடுகின்றன. மிக உயரமான சிலோரிட்டிஸ் சிகரம் 2,456 மீட்டர். வடக்குக் கரையோரம் ஒரு நெடுஞ்சாலை உண்டு. தெற்குக் கரைக்குப் போக வேண்டுமானால் மலையேறித்தான் இறங்க வேண்டும். ஹானியா நகரத்திலிருந்து தெற்கே ஹோரா ஸ்ஃபாகியோன் என்ற துறைமுகச் சிற்றூர் 70 கிலோமீட்டர்தான், ஆனால் பேருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் ஏழு நாளில் மேற்குக் கோடியையும் கிழக்குக் கோடியையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்ப்பவர்கள் விடுமுறையின் பாதியைக் காருக்குள் கழிக்கிறார்கள்.

அதனால் என் யோசனை ஒன்றே ஒன்று. முதல் பயணத்தில் பாதித் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பாதியும் அதோடு தீவின் நடுவிலுள்ள ஹெராக்லியோன் நகரமும் போதும். ஸ்பினாலோங்கா, வாய் பனங்காட்டுக் கடற்கரை, லசித்தி பீடபூமி எல்லாம் கிழக்குப் பக்கம். அவை இன்னொரு பயணத்துக்குக் காத்திருக்கட்டும்.

முதலில் மாதம்

மே நடுப்பகுதி முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் வரை: இந்த இரண்டு காலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மே மாதத்தில் மலைச்சரிவெல்லாம் பூத்திருக்கும், மலைகளின் உச்சியில் கொஞ்சம் பனியும் மிச்சமிருக்கும், ஆனால் கடல் இன்னும் குளிரும். அக்டோபரில் மலை காய்ந்திருக்கும்; கோடை முழுதும் வெயில் வாங்கிய கடல் இதமாக இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைக்கு மே கடைசி வாரங்கள் அழகாகப் பொருந்துகின்றன.

ஜூலையும் ஆகஸ்டும் முடிந்தவரை வேண்டாம். வெயிலை நாம் தாங்குவோம் என்று நினைக்கலாம். நிழலில்லாத இடிபாடுகளுக்கு நடுவே உச்சி வெயிலில் குழந்தையோடு நிற்பது வேறு. கடுமையான வெயில் நாட்களில் பள்ளத்தாக்கு நடைபாதைகளை மூடிவிடுவார்கள், தொல்லியல் இடங்களின் நேரத்தைக் குறைப்பதும் உண்டு. போதாததற்கு ஆகஸ்ட் 15 மரியன்னை திருநாள். அதையொட்டிய நாட்களில் கிரேக்க நாடே விடுமுறையில் இருக்கும், கப்பலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கடினம். நவம்பர் முதல் மார்ச் வரை கடற்கரை ஊர்களில் பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் பூட்டிக் கிடக்கும், மழையும் உண்டு. நகரங்களை மட்டும் பார்க்க அந்தக் காலம் சரி.

இன்னொரு தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர். மற்ற நாடுகளின் ஈஸ்டரிலிருந்து இது பெரும்பாலும் தள்ளி வரும். 2027இல் மே 2ஆம் தேதி. அந்த வாரத்தில் ஊர் ஊராக நடக்கும் நள்ளிரவு வழிபாடு பார்க்க வேண்டிய ஒன்று. அதே சமயம் கடைகள் மூடியிருக்கும், பேருந்துகள் குறையும். தெரிந்துகொண்டு போனால் அது வரம்.

விசாவும் டிக்கெட்டும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா குடியுரிமை உள்ளவர்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. அவர்களும் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் தங்கக் கூடாது.

விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன் கொடுத்தாக வேண்டும் என்பது விதி, ஆனால் அந்தக் கடைசிக் கெடுவை நம்பாதீர்கள். மே மாதப் பயணம் என்றால் பிப்ரவரியிலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள். கோடைக்கு முன்னால் விண்ணப்ப மையங்களில் நாள் கிடைப்பதே பெரும்பாடு. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45, அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு இன்னும் 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும்.

இத்தாலியையும் சேர்த்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே பதிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேராகக் கிரீட்டுக்கு விமானம் கிடையாது. வளைகுடா நாடுகள் வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ ஏதென்ஸ் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிக்கலாம். அது ஏறக்குறைய 50 நிமிடம். இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. தீவின் மேற்கே ஹானியாவிலும் நடுவே ஹெராக்லியோனிலும் விமான நிலையங்கள் உள்ளன. ஹானியாவில் இறங்கி, ஹெராக்லியோனிலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். போன வழியே திரும்பி வர ஒரு நாளைச் செலவழிக்க வேண்டியதில்லை.

நேரம் இருந்தால், போகும்போது கப்பலில் போய்ப் பாருங்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவில் பெரிய கப்பல்கள் கிளம்பி, விடியற்காலையில் ஹானியாவுக்குப் பக்கத்திலுள்ள சூடா துறைமுகத்திலோ ஹெராக்லியோனிலோ சேர்க்கும். படுக்கை உள்ள கேபின் எடுத்தால் ஒரு இரவு விடுதிச் செலவு மிச்சம். குழந்தைகளுக்கு அந்த இரவே பெரிய கொண்டாட்டம்.

நாட்களை எப்படிப் பிரிப்பது

ஒன்பது இரவுகள் கிடைத்தால் நான் இப்படிப் பிரிப்பேன். ஹானியா பழைய நகரத்தில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் சமாரியா பள்ளத்தாக்கில் இறங்கி, அன்றிரவும் மறுநாளும் தெற்குக் கரையில் லூட்ரோவில் தங்கல். படகும் பேருந்துமாக ஹானியா திரும்பி அங்கே இன்னும் இரண்டு இரவு. அதில் ஒரு பகல் எலாஃபோனிசி கடற்கரைக்கு. பிறகு ஹெராக்லியோன் போகும் வழியிலுள்ள ரெத்திம்னோ நகரத்தில் ஓர் இரவு, கடைசி இரண்டு இரவு ஹெராக்லியோனில். ஏழு இரவுதான் என்றால் ரெத்திம்னோவைப் போகிற வழியில் அரைநாள் பார்த்துக்கொண்டு, லூட்ரோவில் ஒரு இரவைக் குறையுங்கள். லூட்ரோவை முழுதாக வெட்டிவிடாதீர்கள். அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. படகில் போக வேண்டும், அல்லது நடந்து. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒற்றை வரிசையாக வெள்ளை வீடுகள், வண்டிச் சத்தமே இல்லாத கரை. பெரிய பெட்டிகளை ஹானியா விடுதியிலேயே வைத்துவிட்டு, ஒரு தோள்பையோடு அங்கே போய் வரலாம். திரும்பி வந்து தங்கப் போகிற விருந்தாளியின் பெட்டியை வைத்துக்கொள்ள எந்த விடுதியும் பெரும்பாலும் மறுப்பதில்லை. பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹானியாவில் அறை எடுக்கும்போது ஒரு விஷயம். பழைய துறைமுகத்தைச் சுற்றிய சந்துகளில் கார் நுழையாது, வீடுகளோ தீவை வெனிஸ் நாட்டவர் ஆண்ட காலத்தவை. மாடிப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்காது. முழங்கால் வலியுள்ள பெற்றோர் வந்தால் தரைத்தள அறை கேளுங்கள், அல்லது பழைய நகரத்தின் மதிலுக்கு வெளியே தங்குங்கள். நடந்தே உள்ளே வந்துவிடலாம். துறைமுகத்தை நேராகப் பார்த்த அறைகளில் இரவுச் சத்தம் அதிகம். இரண்டு சந்து உள்ளே தள்ளி, ஸ்ப்லான்ட்சியா சதுக்கத்தின் பக்கம் அமைதியாக இருக்கும், சாப்பிடவும் நல்ல இடங்கள் உண்டு. ஹெராக்லியோனுக்குக் கிழக்கே இருக்கும் ஹெர்சோனிசோஸ், மாலியா ஊர்களில் விலை குறைவாகத் தெரியும்; இரவு முழுக்கப் பாட்டும் ஆட்டமும் விரும்பும் இளைஞர் கூட்டத்துக்கான இடங்கள் அவை. குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

சமையலறை வசதி உள்ள சிறு குடியிருப்புகளை அங்கே ‘ஸ்டூடியோ’ என்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே உத்தமம். ஒவ்வொரு அறைக்கும் இரவுக் கணக்கில் அரசு ஒரு தங்கும் வரி வாங்குகிறது. நட்சத்திரம் கூடக் கூட வரியும் கூடும், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இன்னும் அதிகம். பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் இது பல சமயம் சேர்ந்திருக்காது, விடுதியில்தான் கட்ட வேண்டும்.

கார் எத்தனை நாளுக்கு

பயணம் முழுவதற்கும் கார் எடுப்பது வீண் செலவு. ஹானியா நகரத்துக்குள் கார் பாரம்தான். சமாரியாவில் ஒரு முனையில் இறங்கி வேறு முனையில் வெளிவருவதால் அன்றும் கார் உதவாது. லூட்ரோவிலிருந்து ஹானியா திரும்பிய பிறகு எடுத்து, ஹெராக்லியோனில் ஒப்படையுங்கள். வேறு ஊரில் ஒப்படைக்கத் தனிக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிளம்புவதற்கு முன் வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும். வண்டி வலப்பக்கம் ஓடும், ஸ்டீயரிங் இடப்பக்கம். ஆட்டோமேட்டிக் கியர் கார்கள் குறைவு. வேண்டுமானால் மாதக்கணக்கில் முன்னால் சொல்லிவைக்க வேண்டும். கையும் பார்வையும் பழகாத முதல் நாளில் கியரோடும் மல்லுக்கட்ட வேண்டாம் என்றால் அந்தக் கூடுதல் பணம் நியாயமானதே.

வடக்கு நெடுஞ்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மெதுவாகப் போகிற வண்டி வலப்பக்க ஓரக் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் ஒதுங்கி, பின்னால் வருகிறவருக்கு வழி விடும். உங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் எதிர்பார்ப்பது அதைத்தான். ஓரம் தெளிவாக இருந்தால் மட்டும் ஒதுங்குங்கள், வளைவுகளில் வேண்டவே வேண்டாம். ஹானியாவிலிருந்து ஹெராக்லியோன் 140 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலும் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலைக் கிராமங்களில் பெட்ரோல் நிலையங்கள் ஞாயிறன்று மூடியிருக்கலாம், ஆகவே நகரத்தை விட்டுக் கிளம்பும்போதே நிரப்புங்கள். மண் சாலையில் ஓட்டினால் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் ஏற்படும் சேதத்தை வாடகைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கார் ஓட்ட விருப்பமில்லையா? தயங்காமல் போகலாம். கேடெல் என்ற பேருந்துகள் வடக்கு நகரங்களை நாள் முழுக்க இணைக்கின்றன. ஹானியாவிலிருந்து தெற்குக் கரை ஊர்களுக்கும் அவை போகின்றன, ஆனால் நாளுக்குச் சில நடைகளே. திரும்பும் நேரத்தை ஏறும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகைகளில் ஹானியாவை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

சமாரியா: ஒரு நாள், பதினாறு கிலோமீட்டர்

கிரீட் பயணத்தின் உச்சம் எனக்கு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெள்ளை மலைகளுக்கு நடுவே ஓடும் சமாரியா பள்ளத்தாக்கு 1962 முதல் தேசியப் பூங்கா. உள்ளே இருந்த கிராம மக்களை அப்போது வெளியே குடியமர்த்தினார்கள்; அவர்களுடைய கல்வீடுகள் பாதி வழியில் இன்றும் நிற்கின்றன. மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழை, கடும் வெயில், காற்று என்றால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். முந்தின நாள் மாலையே விடுதியில் விசாரித்துவிடுங்கள்.

ஹானியாவிலிருந்து விடியற்காலைப் பேருந்து ஓமலோஸ் பீடபூமிக்கு ஏறும். ஏறக்குறைய 1,230 மீட்டர் உயரத்தில், க்ஸிலோஸ்கலோ என்ற இடத்தில் நடை தொடங்குகிறது. மே மாதக் காலையில் அங்கே குளிரும், ஒரு மேல்சட்டை கட்டாயம். முதல் சில கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம். ஏறுவதைவிட இறங்குவது சுலபம் என்ற நினைப்பில் வேகமாகப் போகிறவர்களுக்கு மறுநாள் தொடையும் முழங்காலும் பதில் சொல்லும். மெதுவாக இறங்குங்கள். பிறகு பைன் மரங்களும் ஓடையும் பக்கத்தில் வர, பாதை கூழாங்கல் ஆற்றுப்படுகையாக மாறும். கடைசிப் பகுதியில் ‘இரும்புக் கதவுகள்’ என்று அழைக்கப்படும் இடத்தில் பாறைச் சுவர்கள் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு நிற்க, நடுவே இடைவெளி நான்கு மீட்டர் அளவே. பூங்காவுக்குள் 13 கிலோமீட்டர், வெளியே கடற்கரைக் கிராமமான அயியா ரூமெலி வரை இன்னும் 3. மொத்தம் ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும்.

தண்ணீரை அதிகம் சுமக்க வேண்டாம். வழியில் ஊற்று நீர் கிடைக்கும், ஒரு பாட்டிலை நிரப்பிக்கொண்டே போகலாம். காலணி முக்கியம்: கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பாகம் தடித்த ஷூ. செருப்பு, சாண்டல் கூடாது. நடுவில் முடியாமல் போனால் கழுதைகளில் ஏற்றிக் கொண்டுவரும் ஏற்பாடு மட்டுமே உண்டு, வண்டி வராது. கிரி-கிரி என்ற காட்டு ஆடுகள் பக்கத்தில் வந்து நிற்கும். உணவு கொடுக்காதீர்கள்.

அயியா ரூமெலியிலும் சாலை இல்லை. மாலைப் படகு ஒரு பக்கம் சூயாவுக்கும் மறுபக்கம் லூட்ரோ வழியாக ஹோரா ஸ்ஃபாகியோனுக்கும் போகும், அங்கிருந்து ஹானியாவுக்குப் பேருந்து படகுக்காகக் காத்திருக்கும். நீங்கள் லூட்ரோவில் இறங்கிவிடலாம். படகை விட்டால் அன்றிரவு அந்தக் கிராமத்தில்தான், ஆகையால் நடைவேகத்தைப் படகு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் சமாரியாவை வற்புறுத்தாதீர்கள். கிழக்கே இருக்கும் இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கு 8 கிலோமீட்டர், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும், பாறைச் சுவர்களின் நெருக்கமும் கிடைக்கும். அல்லது படகில் அயியா ரூமெலி வந்து, கீழிருந்து இரும்புக் கதவுகள் வரை மட்டும் நடந்து திரும்பலாம்.

கடற்கரை: ஒன்றே போதும்

எலாஃபோனிசி, பாலோஸ் இரண்டுமே படங்களில் உலகப் புகழ் பெற்றவை. இரண்டும் மேற்குக் கோடி. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயல வேண்டாம். குழந்தைகளும் நீச்சல் தெரியாதவர்களும் இருந்தால் எலாஃபோனிசி. முழங்கால் அளவு நீரில் நடந்தே எதிரே உள்ள தீவுத் திட்டுக்குப் போய்விடலாம். மணலில் தெரியும் இளஞ்சிவப்பு, நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் உடைந்து கலந்தது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் ஒரு பிடி மணலைக்கூட எடுத்து வரக் கூடாது. ஹானியாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருங்கள். பதினொன்றுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும்.

பாலோஸுக்குக் காரில் போனால் கரடுமுரடான மண் சாலை, அதன்பின் இறங்கி ஏற வேண்டிய நடை. கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போவதே மேல், வழியில் கிராம்வூசா தீவின் வெனிஸ் கோட்டையையும் பார்க்கலாம். காற்று பலமாக அடித்தால் படகு ரத்தாகும். இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் ஃபலாசர்னா: நல்ல சாலை, அகன்ற மணல், மேற்கு பார்த்த கரை.

வடக்குக் கரையில் காற்றடிக்கும் நாட்களில் நீரோட்டம் ஆளை இழுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். பாறைக் கரைகளில் கடல் முள்ளெலிகள் உண்டு. நீருக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் காலணி ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.

ரெத்திம்னோவும் அர்காடியும்

ரெத்திம்னோவில் கோட்டை மேல் ஏறிச் சூரியன் இறங்குவதைப் பார்த்து, பழைய சந்துகளில் நடந்தால் போதும். மறுநாள் காலையில் ஹெராக்லியோன் போகும் வழியில் கொஞ்சம் உள்ளே திரும்பி அர்காடி மடாலயத்தைப் பாருங்கள். 1866 நவம்பரில் ஒட்டோமான் படை சூழ்ந்தபோது உள்ளே இருந்த கிளர்ச்சியாளர்களும் அடைக்கலம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் சரணடைய மறுத்தார்கள். வெடிமருந்து அறைக்குத் தீ வைக்கப்பட்டது. கூரையற்ற அந்த அறை அப்படியே இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடை அணிந்து போங்கள்.

க்னோசோஸ்: முதலில் அருங்காட்சியகம்

ஹெராக்லியோனில் பலரும் நேராக க்னோசோஸ் அரண்மனைக்கு ஓடுகிறார்கள். முந்தின நாள் மதியமே தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன். அரண்மனைச் சுவர்களில் காண்பவை நகல் ஓவியங்கள்; காளை மேல் பாயும் வீரனின் ஓவியம், கையில் பாம்பு பிடித்த பெண் உருவம், மாலியாவில் கிடைத்த பொன் தேனீப் பதக்கம், 1908இல் கண்டெடுத்த ஃபைஸ்டோஸ் வட்டத்தகடு எல்லாம் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தத் தகட்டின் குறியீடுகளை இன்றுவரை யாரும் உறுதியாகப் படிக்கவில்லை. இந்த அரண்மனைகளைக் கட்டிய பண்டைய மினோவன் மக்களின் ‘லீனியர் ஏ’ எழுத்தும் அப்படியே. சிந்துவெளி எழுத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் கூடுதலாகச் சில நிமிடம் நிற்கத் தோன்றும்.

இவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் க்னோசோஸ் புரியும். உள்ளூர்க்காரரான மினோஸ் கலோகைரினோஸ் 1878இல் முதலில் தோண்டினார். ஆர்தர் எவான்ஸ் 1900 முதல் பெரிய அளவில் தோண்டி, தூண்களையும் மாடிகளையும் கான்கிரீட்டில் மறுபடி கட்டினார். சிவப்புத் தூண்கள் அவர் நிறுத்தியவை. அது சரியா தவறா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். முதல்முறை வருகிற ஒருவருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அந்தக் கட்டுமானம் இல்லாவிட்டால் கல் குவியல்தான் தெரியும் என்பது என் எண்ணம். நுழைவுச் சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பே வாங்குங்கள், காலையில் திறக்கும் நேரமே சிறந்தது. நகரத்திலிருந்து 5 கிலோமீட்டர். நகரப் பேருந்து போகிறது. மறுகட்டுமானம் இல்லாத அரண்மனையையும் பார்க்க விரும்பினால் தெற்கே மெசாரா சமவெளியை நோக்கி நிற்கும் ஃபைஸ்டோஸுக்கு ஓர் அரைநாள் ஒதுக்குங்கள். கூட்டம் குறைவு. க்னோசோஸ், ஃபைஸ்டோஸ் உட்பட ஆறு மினோவன் அரண்மனை மையங்களை யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

ஐரோப்பாவில் சைவம் கிடைக்குமா என்ற கவலை கிரீட்டில் தேவையில்லை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் பல நாட்கள் இறைச்சி, பால், முட்டை தவிர்த்து நோன்பு இருப்பதால் அந்த உணவுக்கே ‘நிஸ்திசிமா’ என்று பெயர் உண்டு. உணவகத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஒரே எச்சரிக்கை: கணவாய், இறால் போன்றவை நோன்பில் அனுமதி, ஆகவே அவையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஹோரிஸ் க்ரெயாஸ்’ என்றால் இறைச்சி இல்லாமல்.

தக்காளியில் வெந்த வெண்டைக்காய் ‘பாமியெஸ்’. மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்து எண்ணெய் ஊற்றித் தரும் ‘ஃபாவா’ நம் பருப்புக் கடைசல் போலவே இருக்கும், காரம்தான் இருக்காது. தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே சோறு அடைத்துச் சுட்ட ‘யெமிஸ்தா’ கேட்கும்போது கொத்துக்கறி கலந்ததா என்று விசாரியுங்கள். வேகவைத்த காட்டுக்கீரை ‘ஹோர்த்தா’, எலுமிச்சை பிழிந்து வரும். பால் சேர்ப்பவர்கள் ‘டாகோஸ்’ தவறவிடாதீர்கள்: காய்ந்த பார்லி ரொட்டியின் மேல் துருவிய தக்காளி, மிசித்ரா பாலாடைக்கட்டி, தாராளமாக ஆலிவ் எண்ணெய். ஹானியா பக்கம் சுரைக்காய் வகையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுடும் ‘பூரேகி’யும், ஸ்ஃபாகியா பக்கம் தேன் ஊற்றிய மெல்லிய அடையும் உண்டு. அசைவர்களுக்கு ஆட்டுக்கறியும் நத்தையும் அந்த மண்ணின் உணவு.

மேசையில் ரொட்டி கேட்காமலே வரும், அதற்கு ஒரு சிறு தொகை பில்லில் சேரும். சாப்பிட்டு முடித்ததும் பழமோ இனிப்போ, கூடவே சிறு குடுவையில் ‘ராக்கி’யும் இலவசமாக வைப்பார்கள். அது கடும் மது. குடிக்காதவர்கள் நன்றி சொல்லி விட்டுவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள். குழந்தைகளுக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு வேண்டுமென்றால் உணவகம் காலியாக இருக்கும், அதுவும் நல்லதே. காபி கேட்கும்போது சர்க்கரை அளவையும் சொல்ல வேண்டும்: சர்க்கரை இல்லாமல் ‘ஸ்கெட்டோ’, நடுத்தரம் ‘மெட்ரியோ’, இனிப்பாக ‘க்ளிகோ’. அடியில் தங்கும் தூளைக் குடிக்காதீர்கள்.

காரம் இல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் தாங்காதவர்கள் பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகத் தடை உண்டு; பால் இனிப்பு, நெய் வேண்டாம். கறிவேப்பிலை உள்ளிட்ட பச்சை இலை, காய்களுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். அரிசியும் கெட்டித் தயிரும் அங்கே எல்லாச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைப்பதால் ஸ்டூடியோவில் தயிர்சாதத்துக்குக் குறைவில்லை.

இன்னும் சில

கழிப்பறைகளில் காகிதத்தைத் தொட்டிக்குள் போடக் கூடாது, பக்கத்தில் உள்ள கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை. தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு சிறு பாட்டில் கைவசம் இருக்கட்டும். மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை சின்னக் கடைகள் மூடும், ஊர் ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் சத்தம் போடுவதை அங்கே விரும்ப மாட்டார்கள். கார்டு எங்கும் செல்லும், ஆனால் பேருந்துக்கும் சிற்றூர்களுக்கும் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். அவசர எண் 112. கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் இந்த எண் பெயரில் எல்லாக் கைபேசிகளுக்கும் உரத்த ஒலியோடு எச்சரிக்கை வரும். ஆங்கிலத்திலும் இருக்கும், படித்து, சொன்னபடி உடனே கிளம்புங்கள்.

வாங்கி வருவதற்கு ஆலிவ் எண்ணெயைவிட நல்ல பொருள் இல்லை. கண்ணாடி பாட்டில் வேண்டாம், தகர டப்பாவில் வாங்குங்கள். ‘கொரொனெய்கி’ என்பது அந்தத் தீவில் மிகுதியாக விளையும் சிறிய ஆலிவ் வகை. அறுவடை ஆண்டு அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், புதியதே மணக்கும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் எடுத்துப் போக முடியாது. டப்பாவைத் துணிகளுக்கு நடுவே, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, செக்-இன் செய்து கொடுக்கும் பெட்டியில் வையுங்கள். ஹெராக்லியோன் விமான நிலையம் சிறியது, கோடையில் நெரிசல் மிகுதி. கார் ஒப்படைக்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.